‘ஒரு ரிட்டர்னுக்கு 138 டாலர்’ என்று ஓதிக்கொண்டிருப்பவர்களுக்கு

நிரலோன்:
18எஃப் என்ற அமெரிக்க அரசின் மென்பொருள் குழுவைப் பற்றிய இழையில் கணக்கப்பிள்ளை கடைசியாகப் போட்டுவிட்டுப் போன பதிவு இது: “டைரக்ட் ஃபைலில் ஒரு ரிட்டர்னுக்கு 138 டாலர் செலவு. மூடியதில் அரசியல் ஒன்றும் இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தவர் யாராக இருந்தாலும் மூடியிருப்பார்.” நான் பதில் எழுதி முடிப்பதற்குள் இழையைப் பூட்டிவிட்டார்கள். இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் தனி இழை.

விவரம் தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: டைரக்ட் ஃபைல் என்பது அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் தானே நடத்திய இலவச வரித் தாக்கல் தளம். 2022இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம், இப்படி ஒன்று சாத்தியமா என்று ஆராய 1.5 கோடி டாலர் ஒதுக்கியது. 2024இல் 12 மாநிலங்களில் சோதனை ஓட்டம், 1,40,803 ரிட்டர்ன்கள். 2025இல் 25 மாநிலங்கள், 2,96,531 ரிட்டர்ன்கள். 2026இல் கிடையாது என்று 2025 நவம்பரிலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 2024 டிசம்பரில் குடியரசுக் கட்சிப் பிரதிநிதிகள் 29 பேர், பதவியேற்கும் முதல் நாளிலேயே டைரக்ட் ஃபைலை நிறுத்துங்கள் என்று டிரம்புக்குக் கடிதம் எழுதினார்கள். 2025 பிப்ரவரி 3ஆம் தேதி, அதை உருவாக்குவதில் பங்கெடுத்த 18எஃப் குழுவை “அழித்தாயிற்று” என்று, அரசுச் செலவைக் குறைக்கும் வேலையில் இருந்த மஸ்க் எக்ஸ் தளத்தில் எழுதினார். ஏப்ரலில் நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. ஜூலையில் கையெழுத்தான சட்டத்தில், டைரக்ட் ஃபைலுக்கு மாற்று என்ன என்று பார்க்க ஒரு குழு, அதற்கும் 1.5 கோடி டாலர். நீங்கள் ஓதும் 138 டாலர் வந்தது இதெல்லாம் முடிந்த பிறகு, கருவூலத் துறை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில். தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போட்டிருக்கிறார்கள். இதில் அரசியல் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்?

கணக்கப்பிள்ளை:
நிரலோன் சார், தேதிப் பட்டியல் நன்றாக இருக்கிறது. கணக்கு எங்கே? 2025 செலவான 4.1 கோடி டாலரை 2,96,531 ஆல் வகுத்துப் பாருங்கள். 138 வருகிறதா இல்லையா? கணக்கு முதலில் வந்தாலும் பிறகு வந்தாலும் விடை மாறாது. வரித் தாக்கல் செய்து கொடுப்பதுதான் என் தொழில். 138 டாலர் இருந்தால் அந்த மாதிரி எளிய ரிட்டர்ன் ஒன்றை நான் நாற்காலியில் உட்காரவைத்து, கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்கி முடித்துக் கொடுத்துவிடுவேன்.

நிரலோன்:
வகுத்தல் எனக்கும் தெரியும். வகுக்க வேண்டியது எதை என்பதுதான் கேள்வி. 2024 சோதனை ஓட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு 2.46 கோடி டாலர் என்று ஐஆர்எஸ் சொன்னது. அதில் தளத்தை ஓட்டுவதற்கு, அதாவது வாடிக்கையாளர் உதவி, கிளவுட், அடையாளச் சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து, ஆனது 24 லட்சம் மட்டுமே. அதை 1,40,803 ஆல் வகுங்கள். 17 டாலர். மீதியெல்லாம் கட்டுவதற்கு ஆன பணம். ஒருமுறை கட்டினால் நிற்கும். பாலம் கட்டிய மறுநாள் போன வண்டிகளை எண்ணி, வண்டிக்கு இத்தனை லட்சம் என்று கணக்குச் சொல்லிப் பாலத்தை இடிப்பீர்களா?

கணக்கப்பிள்ளை:
17 டாலர் 2024 கணக்கு. நான் சொன்னது 2025 கணக்கு. 138.

பொன்வண்டு:
நான் 2025இல் டைரக்ட் ஃபைலில் தாக்கல் செய்தவன். எனக்குச் சம்பளம் மட்டும்தான், நிறுவனம் கொடுக்கும் டபிள்யூ-2 சம்பளப் படிவம் ஒன்றே ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினேன், பெயர் வேண்டாம். முதல் பக்கத்தில் இலவசம் என்று பெரிதாக இருக்கும். எல்லாத் தகவலையும் கொடுத்து, கடைசித் திரைக்கு வந்தபிறகு, உங்கள் நிலைமைக்கு மேம்பட்ட பதிப்பு தேவை என்று காசு கேட்கும். டைரக்ட் ஃபைலில் அந்தத் தொல்லையே இல்லை. எதைக் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று புரிந்தது. இடையில் சந்தேகம் வந்தபோது சாட்டில் பதில் சொன்னவர் ஐஆர்எஸ் ஆள். இந்த ஆண்டு போய்ப் பார்த்தால் தளமே இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஒரு சந்தேகம். அந்த 4.1 கோடியில் கட்டுமானச் செலவு எவ்வளவு, ஓட்டும் செலவு எவ்வளவு? அதைப் பிரித்துச் சொன்னால் இந்தச் சண்டையே இருக்காதே.

வெள்ளிமலை:
ஒருவருக்கு வசதியாக இருந்தது என்பதால் நாடு முழுவதும் காசு கொடுக்க வேண்டுமா? 2025இல் டைரக்ட் ஃபைலைப் பயன்படுத்தத் தகுதி உள்ளவர்கள் 3 கோடிக்கும் மேல் என்று ஐஆர்எஸ்ஸே சொன்னது. வந்தது 3 லட்சம்கூட இல்லை. நூற்றுக்கு ஒருவர். இதை வெற்றி என்று சொல்லிக்கொண்டு இன்னும் எத்தனை நாள் ஒப்பாரி வைப்பீர்கள்? 18எஃப்பும் இதே கதைதான். வேலை செய்து கொடுத்த துறைகளிடம் கட்டணம் வாங்கிச் செலவை ஈடுகட்டுவோம் என்று சொல்லித் தொடங்கிய குழு அது. தொடங்கிய 2014 முதல் 2016 வரை 3 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று அதன் தாய்த் துறையான ஜிஎஸ்ஏவின் தணிக்கை அதிகாரியே அறிக்கை கொடுத்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர் ஒபாமா. மஸ்க் இல்லை.

செங்காந்தள்:
வெள்ளிமலை, நூற்றுக்கு ஒருவர் என்று எழுதுகிறீர்களே, தனியார் நிறுவனங்கள் கைக்குள் இருந்த இலவச வரித் தாக்கல் திட்டமான ஃப்ரீ ஃபைலில் எத்தனை பேர் என்று ஏன் எழுதவில்லை? அது 2003இல் தொடங்கியது. வரி கட்டுவோரில் 70 சதவீதம் பேருக்குத் தகுதி உண்டு. பயன்படுத்துவது மிகச் சிறிய பங்கினர். இருபது ஆண்டுகள் ஓடியும் அந்த நிலைமை. அதை யாரும் மூடவில்லை. இரண்டே இரண்டு வரிப் பருவம் ஓடிய டைரக்ட் ஃபைலுக்கு மட்டும் இவ்வளவு அவசரமா?

ஃப்ரீ ஃபைல் ஒப்பந்தத்தில், போட்டியாகத் தன் சொந்தத் தளம் கட்டமாட்டேன் என்று ஐஆர்எஸ் எழுதிக் கொடுத்திருந்தது. அந்த நிபந்தனையை 2019 டிசம்பரில்தான் எடுத்தார்கள். டர்போடாக்ஸ் என்ற வரி மென்பொருளை நடத்தும் இன்டியூட், தன் இலவசப் பக்கம் தேடுபொறியில் வராதபடி மறைத்து வைத்திருந்தது அதே ஆண்டில் அம்பலமானது. 2022இல் மாநிலங்களோடு சமரசம் செய்துகொண்டு 14.1 கோடி டாலர் கொடுத்தது. பொன்வண்டு சொல்வது ஒருவருடைய கதை இல்லை. அந்தச் சமரசத்தில் பணம் கிடைத்தவர்கள் சுமார் 44 லட்சம் பேர்.

வெள்ளிமலை:
இன்டியூட் செய்தது தப்பு, அபராதம் கட்டியது, சரி. அதற்கும் 138 டாலருக்கும் என்ன சம்பந்தம் தங்கச்சி?

செங்காந்தள்:
நான் உங்கள் தங்கச்சி இல்லை. வயதும் தெரியாது, ஆளும் தெரியாது. மற்றவர்களுக்கு இல்லாமல் எனக்கு மட்டும் ஏன் இந்த உறவுமுறை? அபராதம் இல்லை, சமரசம். படித்துவிட்டு எழுதுங்கள்.

வெள்ளிமலை:
மரியாதையாகத்தான் சொன்னேன். இதற்குமா கோபம்? கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை மட்டும் எல்லோரும் கவனிக்கவும்.

நிரலோன்:
பதில் நான் சொல்கிறேன். 2024 சோதனை ஓட்டத்தை எல்லோருக்குமாகத் திறந்துவிட்டது மார்ச் 12ஆம் தேதி. கடைசி நாள் ஏப்ரல் 15. ஐந்து வாரம்கூட இல்லை. டபிள்யூ-2 கையில் வந்ததும் ரீஃபண்டுக்காக பிப்ரவரியிலேயே தாக்கல் செய்துவிடும் ஆட்கள்தான் இந்தத் தளத்துக்கு முதலில் வர வேண்டியவர்கள். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வேறு இடத்தில் காசு கொடுத்து முடித்துவிட்டிருந்தார்கள்.

2025இல் ஜனவரி 27ஆம் தேதியே திறந்தார்கள். ஒரே வாரத்தில் மஸ்க்கின் ‘அழித்தாயிற்று’ பதிவு. அவர் பதில் போட்டது எதற்கு என்று பாருங்கள்: 18எஃப் இடதுசாரிக் கும்பல், டைரக்ட் ஃபைலைக் கட்டியது அவர்கள்தான் என்று ஒருவர் எழுதிய பதிவுக்கு. படித்தவர்கள் என்ன நினைப்பார்கள்? தளமே போய்விட்டது என்றுதான். உண்மையில் தளம் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 15 வரை மட்டுமில்லை, அதற்குப் பிறகும் ஓடியது. பருவத்தின் உச்சத்தில், அரசாங்கத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஒருவர் இப்படி அறிவித்துவிட்டு, அப்புறம் கூட்டம் வரவில்லை என்று கணக்குக் காட்டுவது என்ன நேர்மை?

இவ்வளவுக்கும் நடுவில் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. 2024இல் பயன்படுத்தியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ‘மிகச் சிறப்பு’ அல்லது ‘சராசரிக்கு மேல்’ என்று கருத்துக் கணிப்பில் சொன்னார்கள். அரசாங்கத் தளம் எதற்காவது இப்படி ஒரு மதிப்பீடு கிடைத்து நான் பார்த்ததில்லை.

கணக்கப்பிள்ளை:
எண்ணிக்கை இரண்டு மடங்கானது, மாநிலங்களும் இரண்டு மடங்கு. 12, 25. அப்படியானால் ஒரு மாநிலத்துக்கு வளர்ச்சி கிட்டத்தட்ட பூஜ்யம். மஸ்க் பதிவால் பாதிப்பு என்கிறீர்கள், அடுத்த பத்தியிலேயே இரண்டு மடங்கு வளர்ச்சி என்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

இன்னொன்று. 2024இல் உள்ளே நுழைந்து கணக்குத் தொடங்கியவர்கள் 4,23,450 பேர். முடித்தது 1,40,803. மூன்றில் இரண்டு பேர் பாதியில் இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் போய்த் திருப்தியா என்று கேட்டால் திருப்தி என்றுதான் சொல்வார்கள். என் தொழிலில் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களையும் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

நிரலோன்:
இறங்கிப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று சொல்லவில்லையே. முதல் ஆண்டில் சம்பளம், வேலையின்மைப் படி, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், சிறிய வட்டி வருமானம் இவ்வளவுக்குத்தான் வசதி. அதற்கு மேல் ஏதாவது இருந்தால், உங்களுக்கு இது பொருந்தாது என்று தளமே சொல்லி அனுப்பிவிடும். காசு வாங்காமல், தகவலைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல். தனியார் மென்பொருள் அந்த இடத்தில்தான் கட்டணச் சீட்டை நீட்டும்.

சிறியதாகத் தொடங்கி, சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து, அடுத்த ஆண்டு கொஞ்சம் விரிப்பது. நல்ல மென்பொருள் கட்டும் முறையே அதுதான். 2025இல் ஓய்வூதிய வருமானம், குழந்தைப் பராமரிப்புச் சலுகை எல்லாம் சேர்த்தார்கள். மூன்றாவது ஆண்டில் இன்னும் சேர்த்திருப்பார்கள். மூன்றாவது ஆண்டு வரவே விடவில்லை.

கணக்கப்பிள்ளை:
2026க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வந்துவிடும் என்று போன வருடம் இதே இடத்தில் எழுதியவர் நீங்கள்தானே சார்? பதிவை எடுத்துப் போடட்டுமா?

நிரலோன்:
எடுத்துப் போடுங்கள். கருவூலத் துறை 2024 மே மாதம் டைரக்ட் ஃபைலை நிரந்தரமாக்கி, எல்லா மாநிலங்களையும் சேரச் சொல்லி அழைத்தது. அதை நம்பி எழுதினேன். ஒழுங்காக விட்டிருந்தால் நடந்திருக்கும். கழுத்தை நெரித்துவிட்டு, பார் மூச்சு விடவில்லை என்று என்னிடம் காட்டாதீர்கள்.

கணக்கப்பிள்ளை:
நடந்திருக்கும், வந்திருக்கும், சேர்த்திருப்பார்கள். என் தாளில் நடந்த செலவை மட்டும்தான் எழுத முடியும். 138.

தெற்குவாசல்:
இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஒரு சராசரி அமெரிக்கர் வரித் தாக்கலுக்கு 13 மணி நேரமும் 270 டாலரும் செலவு செய்கிறார் என்பது ஐஆர்எஸ் மதிப்பீடு. அதோடு ஒப்பிட்டால் உங்கள் 138ம் மலிவுதான். இன்னொன்றையும் யோசியுங்கள். சம்பளம் கொடுக்கும் நிறுவனம் டபிள்யூ-2 தகவலை அரசாங்கத்துக்கு ஏற்கெனவே அனுப்பிவிடுகிறது. தன்னிடம் இருக்கும் எண்ணைத் தானே நிரப்பிக் காட்டி, சரியா என்று கேட்டால் போதும். 2025இல் டைரக்ட் ஃபைல் அதைத்தான் செய்யத் தொடங்கியது. டபிள்யூ-2 விவரத்தில் ஒரு பகுதியைத் தானே கொண்டுவந்து காட்டியது. மூடியதில் போன பெரிய விஷயம் அதுதான் என்பது என் கருத்து.

வெள்ளிமலை:
அதுதான் என் பயமும். வரி வசூலிக்கும் ஆளே படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தால், எனக்குச் சாதகமான சலுகையை அவன் ஏன் தேடித் தருவான்? வசூலிப்பவன், தணிக்கை செய்பவன், ஆலோசகன் மூன்றும் ஒரே ஆளா? இதில் இருக்கும் முரண்பாட்டைச் சொன்னால் அரசியல் என்கிறீர்கள்.

செங்காந்தள்:
சலுகையைத் தேடித் தருகிறதா இல்லையா என்று மூலநிரலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். டைரக்ட் ஃபைலின் நிரலை 2025 மே மாதம் நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் வைத்தார்கள். எந்தத் தனியார் வரி மென்பொருள் தன் நிரலைக் காட்டியிருக்கிறது?

நிரலோன்:
நன்றி செங்காந்தள், இதைத்தான் சொல்ல வந்தேன். நான் அந்த நிரலைப் படித்துப் பார்த்தேன். இங்கே எத்தனை பேர் படித்தீர்கள் என்று தெரியவில்லை. ‘ஃபேக்ட் கிராஃப்’ என்று ஒன்று, ஸ்காலா என்ற நிரல் மொழியில் எழுதியது. வரிச் சட்டத்தின் ஒவ்வொரு விதியையும் ஒரு முடிச்சாக வைத்து, எந்த விவரம் தெரிந்தால் எந்தக் கணக்கு முடியும், எது இன்னும் தெரியாமல் நிற்கிறது என்று தானே கண்டுபிடிக்கும். பாதி விவரம் மட்டும் கொடுத்திருக்கும் ஒருவரிடம், அடுத்து எதைக் கேட்க வேண்டுமோ அதை மட்டும் கேட்க முடிவது அதனால்தான். பொன்வண்டு, கேள்விகள் புரிந்தன என்று சொன்னாரே, அதற்குப் பின்னால் இருப்பது இது. சட்டத்தை நிரலாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நானும் அரசாங்க வேலைகளை எடுத்துச் செய்யும் நிறுவனங்களில் இருந்தவன். இந்தத் தரத்தில் ஒரு வேலையை அங்கே நான் பார்க்கவில்லை.

நிரல் கிட்ஹப்பில் கிடக்கிறது. அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அரசாங்கத்தை விட்டு வெளியே போய்விட்டார்கள். வரிச் சட்டம் ஆண்டுதோறும் மாறும். கை வைக்க ஆள் இல்லாத வரி நிரல் ஒரே வருடத்தில் பழசாகிவிடும். இந்தச் சேதம் உங்கள் 4.1 கோடிக் கணக்கில் எந்த இடத்தில் இருக்கிறது கணக்கப்பிள்ளை?

கணக்கப்பிள்ளை:
நிரல் அழகாக இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. வேலை அழகாக இருந்தால் போதும், யார் காசு, எவ்வளவு காசு என்று பார்க்கமாட்டார்கள். இவ்வளவு பெரிய வித்தகர்கள் அடையாளச் சரிபார்ப்புக்கு மட்டும் ஏன் ஐடி.மீ என்ற தனியார் நிறுவனத்திடம் போனார்கள்? அரசாங்கத்திடமே லாகின்.கவ் என்ற அடையாளச் சேவை இருந்ததே! 18எஃப் ஆட்களும் சேர்ந்து கட்டியதுதானே? அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று நானே சொல்கிறேன். தேவையான அளவுக்கு அடையாளத்தைச் சரிபார்க்கும் வசதி தங்களிடம் இருப்பதாக மற்ற துறைகளிடம் சொல்லி, 1 கோடி டாலருக்கு மேல் பில் போட்டார்கள். அந்த வசதி இல்லவே இல்லை என்று 2023 மார்ச்சில் ஜிஎஸ்ஏ தணிக்கை அறிக்கை வந்தது. இதுதான் நீங்கள் கோயில் கட்டிக் கும்பிடும் கூட்டம்.

நிரலோன்:
லாகின்.கவ் விஷயத்தில் அதிகாரிகள் பொய் சொன்னார்கள், அது கண்டிக்க வேண்டியது. ஆனால் லாகின்.கவ்வை யாரும் மூடவில்லையே! தவறு செய்ததாகத் தணிக்கையில் பிடிபட்ட சேவை இன்றைக்கும் ஓடுகிறது. பயன்படுத்தியவர்கள் பாராட்டிய டைரக்ட் ஃபைலை மூடினார்கள். 18எஃப்பை நள்ளிரவில் மூடினார்கள். 2025 மார்ச் 1, சனிக்கிழமை, நள்ளிரவு தாண்டி மின்னஞ்சல். ‘முக்கியமில்லாத பணி’ என்று ஒரே வரி. சுமார் 90 பேர். அவர்கள் கையில் அப்போது இருந்த வேலைகளில் ஒன்று தேசிய வானிலைச் சேவையின் வெதர்.கவ் தளத்தைச் சீரமைப்பது. புயல் எச்சரிக்கை வரும் தளம் முக்கியமில்லாததா? தணிக்கையின்படி முடிவெடுத்திருந்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்கும். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

வெள்ளிமலை:
முக்கியமில்லாதது என்று அவர்கள் மேலதிகாரி சொன்னார். நிறுவனத்தில் மேலதிகாரி சொன்னால் போகத்தான் வேண்டும். எத்தனையோ தனியார் நிறுவனங்களில் ஆயிரக்கணக்கில் அனுப்புகிறார்கள், அப்போதெல்லாம் இழை திறந்தீர்களா?

தெற்குவாசல்:
தனியார் நிறுவனம் அனுப்பினால் இன்னொரு நிறுவனத்துக்குப் போகலாம். வரி கட்ட இன்னொரு ஐஆர்எஸ் கிடையாது.

நிரலோன்:
18எஃப் மாதிரியே இன்னொரு அரசுக் குழுவான டிஜிட்டல் சர்வீஸுக்கு நடந்தது இன்னும் மோசம். 2013 அக்டோபரில் ஹெல்த்கேர்.கவ் என்ற அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் திறந்த முதல் நாளில் ஆறே பேர்தான் காப்பீட்டில் சேர முடிந்தது. ஆறு பேர்! தனியார் ஒப்பந்ததாரர்கள் கட்டிய அந்தத் தளத்தைச் சிறிய குழு ஒன்று உள்ளே போய் நிமிர்த்தியது. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 2014 ஆகஸ்டில் வந்த அமெரிக்க டிஜிட்டல் சர்வீஸ். 2025 ஜனவரி 20ஆம் தேதி அதன் பெயர்ப் பலகையை மாற்றி, மஸ்க்கின் செலவுக் குறைப்பு அமைப்பான டோஜ் ஆக்கினார்கள். பிப்ரவரியில் 40 பேருக்கு மேல் வெளியே அனுப்பினார்கள். அதே மாதம் 21 பேர் சேர்ந்து கையெழுத்திட்டுப் பதவி விலகினார்கள். பொதுச் சேவைகளைப் பிரித்துப்போட எங்கள் திறமையைத் தரமாட்டோம் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கட்டத் தெரிந்தவர்கள், இடிக்கச் சொன்னபோது எழுந்து போனார்கள்.

கணக்கப்பிள்ளை:
மறுபடியும் ஆறு பேர் கதை. ஹெல்த்கேர்.கவ் விஷயத்தில் ஒப்பந்ததாரர் மேல் பழியைப் போடுவது உங்களுக்கு வழக்கம். துண்டு துண்டாகக் கட்டியதையெல்லாம் இணைக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது சிஎம்எஸ் என்ற அரசுத் துறை. இணைப்புதான் உடைந்தது. அரசாங்கத்துக்கு மென்பொருள் கட்டத் தெரியாது என்பதற்கு உங்கள் உதாரணமே சாட்சி. முன்பு இதை நான் சொன்னபோது ‘வரி எழுதுகிறவருக்கு இதெல்லாம் புரியாது’ என்று எழுதினீர்கள். நான் மறக்கவில்லை.

நிரலோன்:
இப்போதும் அதே சொல்கிறேன். சிஎம்எஸ்ஸிடம் அன்றைக்கு அந்த வேலை தெரிந்த ஆட்கள் இல்லை. அதனால்தான் உடைந்தது. அப்படிப்பட்ட ஆட்களை அரசாங்கத்துக்குள் கொண்டுவரத்தான் டிஜிட்டல் சர்வீஸும் 18எஃப்பும். ஆள் இல்லாததால் உடைந்தது என்று நீங்களே சொல்லிவிட்டு, ஆட்களை விரட்டியது சரி என்றும் சொல்கிறீர்கள்.

கணக்கப்பிள்ளை:
நான் ‘ஆள் இல்லாததால்’ என்று எங்கே எழுதினேன்? என் வாயில் சொல்லைத் திணிக்காதீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். தொழிலைச் சொல்லி மட்டம் தட்டுவதும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும்தான்.

பொன்வண்டு:
நான் முன்பே கேட்டேன். 4.1 கோடியில் கட்டுமானம் எவ்வளவு, ஓட்டும் செலவு எவ்வளவு? ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளிமலை:
பிரிட்டனைப் பார்ப்போமா? அங்கே டோஜ் இல்லை, மஸ்க் இல்லை. 2011இல் ஜிடிஎஸ் என்று ஒரு டிஜிட்டல் குழு. உலகமே பாராட்டியது. அவர்கள் கட்டிய வெரிஃபை என்ற அடையாளச் சேவை 2020க்குள் 2.5 கோடிப் பேரைச் சேர்க்கும் என்றார்கள். 2019 தொடக்கத்தில் சேர்ந்திருந்தது 36 லட்சம். 2023இல் மூடிவிட்டார்கள். இதிலும் அரசியலா? கட்டினார்கள், ஓடவில்லை, மூடினார்கள். அவ்வளவுதான்.

நிரலோன்:
வெரிஃபைக்கு 2016 முதல் 2023 வரை அவகாசம் கொடுத்தார்கள். டைரக்ட் ஃபைலுக்கு இரண்டு பருவம். அந்த ஜிடிஎஸ் கட்டிய அரசுத் தளமான கவ்.யூகே 2012 அக்டோபரில் திறந்தது, இன்றைக்கும் ஓடுகிறது. ஓடாததை மூடி, ஓடுவதை வைத்துக்கொண்டார்கள். நான் கேட்பதும் அதைத்தான். அங்கேயும் அரசியல் இல்லாமலில்லை. அமைச்சரவையில் ஆதரவாக நின்ற ஃபிரான்சிஸ் மாட் 2015இல் போனார். அதே ஆண்டு ஜிடிஎஸ் தலைவர் மைக் பிராக்கனும் போனார். அதற்குப் பிறகு மற்ற துறைகளைத் தட்டிக் கேட்கும் பலம் குழுவுக்குக் குறைந்துவிட்டது.

வெள்ளிமலை:
ஆள் போனதால் பலம் போனது என்றால் அது ஆளைச் சார்ந்த அமைப்பு. அப்படி ஒன்றை நம்பிக் கோடிக்கணக்கில் போடலாமா?

செங்காந்தள்:
வெரிஃபை பற்றிப் பேசினால் முழுதாகப் பேசுங்கள். அதில் ஆட்களின் அடையாளத்தைச் சரிபார்த்தது அரசாங்கம் இல்லை. எக்ஸ்பீரியன் மாதிரி வெளி நிறுவனங்களுக்குக் காசு கொடுத்துச் செய்ய வைத்தார்கள். பல நிறுவனங்கள் நடுவிலேயே விலகிக்கொண்டன. தனியாரிடம் விட்டால் சரியாகிவிடும் என்று நீங்கள் சொல்லும் முறையில் கட்டியதுதான் அது.

கணக்கப்பிள்ளை:
அப்படியானால் டைரக்ட் ஃபைலில் ஐடி.மீயை வைத்ததும் அதே தப்புதானே? அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லையே.

நிரலோன்:
ஐடி.மீயை வைத்திருக்கக் கூடாது என்று 2024லேயே எழுதியிருக்கிறேன். அதைச் சரிசெய்யச் சொல்வது வேறு, தளத்தையே மூடுவது வேறு. அந்த 29 பேர் கடிதத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. கடிதம் 2024 டிசம்பர். 138 டாலர் 2025 கடைசியில். எது முன்னால் வந்தது?

கணக்கப்பிள்ளை:
29 பேர் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அவர்களுக்கு எழுத உரிமை உண்டு. 18எஃப்பை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

நிரலோன்:
ஆராயச் சொல்லிச் சட்டம் போட்டவர்களும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தான். மஸ்க்கை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

வெள்ளிமலை:
மஸ்க் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது. இன்னும் அவரைப் பிடித்துக்கொண்டு. நாளை காலை 18எஃப் தணிக்கை அறிக்கையில் இருந்து பகுதிகளை எடுத்துப் போடுகிறேன். சம்பளம் கொடுத்த நேரத்தில் பாதிக்கு மேல் எந்தத் துறைக்கும் பில் போட முடியாத வேலை. அதற்கு யாராவது பதில் வைத்திருங்கள்.

நிரலோன்:
போடுங்கள். கூடவே அந்த அறிக்கைக்குப் பிறகு 18எஃப் என்ன மாற்றியது, 2016க்கும் 2025க்கும் நடுவில் டிரம்ப்பின் முதல் ஆட்சி நான்கு ஆண்டும் அதை ஏன் மூடாமல் வைத்திருந்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.